செல்லக்கிளி மூடிய குழாய்

ஒரு குழாயைத் திருகி மூட ஓர் ஊரே பயப்படும் என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், போய்யா, போய் வேலையைப் பார் என்று அனுப்பியிருப்பேன். ஆனால் என் கடைக்கு எதிரிலேயே நடந்தது. பஞ்சர் ஒட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். வருஷக்கணக்காகக் கேட்டு, கெஞ்சி, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி வாங்கின குழாய். குடம் நிறைந்ததும் ஒருத்தி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விடுவாள். அடுத்தவள் வருகிற வரைக்கும் தண்ணீர் அது பாட்டுக்கு மண்ணில் கொட்டும். கொட்டினது வழிந்து என் கடை வாசலுக்கு வரும். நான் கத்துவேன். யார் காதில் விழுந்தது?

நான் இந்த ஊர்க்காரன் இல்லை. குறிஞ்சிப்பாடிப் பக்கம். பெயர் இன்னாசிராஜ். நெய்வேலியில் சுரங்கம் தோண்டி, குவார்ட்டர்ஸ் வரிசை வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த நேரம். ஷிஃப்டுக்குப் போகிறவனுக்கெல்லாம் சைக்கிள் வேண்டியிருக்குமே என்று நினைத்து வந்தேன். டவுன்ஷிப்புக்குள் கடை போட விடவில்லை. சரி போங்கள் என்று வேலிக்கு வெளியே, ரோடு திரும்புகிற இடத்தில், ஒரு கீற்றுக்கொட்டகை போட்டு வாடகைச் சைக்கிள் கடை வைத்தேன். எதிரே இருந்த ஊர் புது ஓடைக்குப்பம்.

பழைய ஓடைக்குப்பம் என்று ஒன்று இப்போது இல்லை. அது இருந்த இடத்தில் பெரிய பள்ளம். நிலம் வைத்திருந்தவர்கள் நஷ்டஈட்டுத் தொகையை வாங்கிக்கொண்டு பண்ருட்டிக்கும் கடலூருக்கும் போய்விட்டார்கள். அவர்கள் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கூலி வேலை செய்தவர்களுக்கு வேலியோரமாக மனை அளந்து கொடுத்தார்கள். செம்மண் மேடு, நடுவில் ஒரு கிழட்டு முந்திரிமரம், அவ்வளவுதான். ஆண்கள் மைன்ஸில் கான்ட்ராக்ட்டில் மண் அள்ளினார்கள். பெண்கள் குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்த்தார்கள். ஊரில் ஒரே ஒருவன்தான் பர்மனென்ட், தங்கராசு. அதை அவன் மறந்தாலும் அவன் கால் பூட்ஸ் மறக்க விடாது. லீவு நாளிலும் அதைப் போட்டுக்கொண்டுதான் திரிவான்.

பஞ்சாயத்துத் தலைவர் பெரியண்ணன். முன்பெல்லாம் அந்த நாற்காலியில் நிலக்காரர்கள்தான் உட்காருவார்கள். அவர்கள் போன பிறகு வந்த தேர்தலில் இவர் நின்றார், ஜெயித்தார். ஜெயித்து என்ன கண்டார்? கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிற நாளையெல்லாம் ஆபீஸ் வாசலில் கழித்தார். போய்வருவது என் கடைச் சைக்கிளில். செயின் கழன்றுகொண்டே இருக்கும் வண்டியை அவருக்குத்தான் கொடுப்பேன். அவர்தான் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில், "ஒங்க மனை கம்பெனி குடுத்த மனை. தண்ணியும் அவங்கதான் குடுக்கணும்" என்பார்கள். டவுன்ஷிப் ஆபீஸில், "நீங்க வேலிக்கு வெளியில இருக்கீங்க. ஒங்க பஞ்சாயத்துல போயிக் கேளுங்க" என்பார்கள். பஞ்சாயத்தே நான்தாங்க என்பார் பெரியண்ணன். அப்படியென்றால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் வரும். இதுதான் அந்தக் காலத்து நிர்வாகம். கேட்டுக்கொண்டிருக்கிற எனக்கே பற்றிக்கொண்டு வரும். அந்த மனுஷன் மட்டும் சிரித்துக்கொண்டே வந்து இறங்குவார்.

"இன்னா தலைவரே, இன்னிக்கி யாரு யாரக் கை காட்டுனாங்க?" என்பேன்.

"இன்னிக்கிப் புதுசா சொல்றாங்க இன்னாசி. கெணறு வெட்டிக்கச் சொல்றாங்க."

"வெட்டிட வேண்டியதுதான?"

"வெட்டுனா புழுதிதான் வரும். கீழ கெடக்குற தண்ணிய ராவும் பகலுமா பம்பு வெச்சி எறைச்சிக்கினு இருக்காங்களே. அதை எறைக்காட்டி கரி எடுக்க முடியாதாம். சங்கடந்தான், யார இன்னான்னு சொல்றது?"

இவருக்குக் கோபம் வராத குறையைத் தீர்க்கத்தான் கடவுள் செல்லக்கிளியை இவருக்கு மனைவியாகக் கொடுத்தார் போலிருக்கிறது. வளையமாதேவியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். நல்ல உயரம், வேகமான நடை, அதைவிட வேகமான வாய். குவார்ட்டர்ஸில் காந்திமதி அம்மாள் என்பவர் வீட்டில் வேலை செய்தாள். வேலை முடிந்து வரும்போது அந்த வீட்டுத் தோட்டத்துக் குழாயில் ஒரு குடம் பிடித்துக்கொண்டு வருவாள். சும்மா கொடுத்துவிடுவார்களா? வீட்டுக்காரர்கள் எல்லோரும் குளித்து முடிக்க வேண்டும், துணி அலச வேண்டும், ரோஜாச் செடிக்கு ஊற்ற வேண்டும். அதுவரை இவள் குடத்தோடு சுவரோரம் நிற்க வேண்டும். சித்திரை வெயிலில் அந்தக் குடத்தைச் சுமந்துகொண்டு என் கடை நிழலில் ஒரு நிமிஷம் நிற்பாள்.

"கொடம் நெறைஞ்சிதா தங்கச்சி?" என்றால், "பாதி தண்ணிண்ணே. பாதி அந்தம்மா பேச்சு" என்பாள்.

ஊரில் எல்லாப் பெண்களும்தான் இப்படிக் குடம் ஏந்தினார்கள். ஆனால் தலைவர் பெண்டாட்டி ஏந்துகிறாள் என்பதை அந்தக் காந்திமதி அம்மாள் நாலு பேரிடம் சொல்லிச் சிரிப்பாராம். "எங்க வீட்டுல பாத்திரம் தேய்க்கிறது பிரசிடெண்ட் சம்சாரமாக்கும்" என்று. செல்லக்கிளி அதை மட்டும் சிரிக்காமல் சொன்னாள். தண்ணீர் தன் ஊருக்குள், தன் வாசலுக்குப் பக்கத்தில் வந்துவிட வேண்டும் என்று அவளைப் போல ஆசைப்பட்டவர்கள் அந்த ஊரில் யாருமில்லை. பெரியண்ணனைத் தினமும் சட்டை மாட்டி அனுப்பி வைத்ததே அவள்தான்.

கடைசியில் டவுன்ஷிப்பில் தண்ணீர் செக்ஷனுக்குச் சண்முகசுந்தரம் என்று ஓர் எஞ்சினீயர் மாற்றலாகி வந்தார். தெற்கத்திக்காரர். அவர்தான் இரண்டு ஆபீஸையும் பேச வைத்தார். பைப்பும் ஆள்கூலியும் யூனியன் பொறுப்பு, தண்ணீர் டவுன்ஷிப் டாங்கியிலிருந்து. அதுவும் முதலில் சோதனைக்கு.

"தண்ணி வீணாச்சுன்னா எங்க மாடி குவார்ட்டர்ஸுக்கு ஏறாது பெரியண்ணன். அப்புறம் நான் வால்வை மூடித்தான் ஆகணும்" என்று முன்னாலேயே சொன்னார். "ஒழுங்கா நடந்துச்சுன்னா யூனியன் கமிஷனரைக் கூப்பிட்டு விழா வைங்க. அன்னைக்கிலிருந்து அது உங்க ஊருக் குழாய். யாரும் கை வைக்க முடியாது."

பைப்பு பதிக்கப் பள்ளம் தோண்டினது ஊர்க்காரர்கள்தான். கான்ட்ராக்ட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் அப்படியே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். பெண்கள் கம்பங்கூழும் வறுத்த கருவாடும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்றைக்கெல்லாம் ஊரைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. நானும் இரண்டு நாள் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போய் மண் தள்ளினேன். முந்திரிமரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தூண் நட்டு, அதில் பித்தளைக் குழாயைப் பொருத்தினார்கள். வேலிக்கு உள்ளே, பைப்பு பிரிகிற இடத்தில், ஒரு குழிக்குள் வால்வு இருந்தது.

தண்ணீர் வந்த அன்று ஊரில் மூத்தவளான வீரம்மாள் குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள், கற்பூரம் காட்டினாள். திறந்தார்கள். அதோடு சரி. மூடவில்லை.

காரணம் பழைய ஓடைக்குப்பத்தில் இருந்தது. அங்கே கரி இருக்கிறதா என்று பார்க்க எந்தக் காலத்திலோ துளை போட்டவர்கள் ஓர் இரும்புக் குழாயை இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அதிலிருந்து தண்ணீர் தானாகப் பொங்கிக்கொண்டே இருக்குமாம். இறைக்க வேண்டாம், கயிறு வேண்டாம், மழை வேண்டாம். வேலைக்குப் போகிறவர்கள் அதில் குளித்தார்கள், மாடு குடித்தது, மிச்சம் நிலக்காரர் வயலுக்கு ஓடியது. அதை மூடக்கூடாது என்பது ஊர்க்கட்டு. மூடினால் ஊற்றுக்கண் அடைந்துபோகும் என்றார்கள். யாரும் மூடினதும் இல்லை.

செல்லக்கிளி மூடினாள். வாக்கப்பட்டு வந்த புதிது, அவளுக்கு இந்தக் கட்டெல்லாம் தெரியாது. நாத்தனார் கல்யாணத்துக்கு அங்கேதான் பந்தல் போட்டார்கள். காலெல்லாம் சேறு. ஒரு முந்திரிக் கட்டையில் துணியைச் சுற்றிக் குழாய் வாயில் வைத்து உலக்கையால் அடித்துவிட்டாள். கல்யாணம் முடிந்து பிடுங்கினபோது பழைய வேகம் இல்லை. அந்தக் கோடை முடிவதற்குள் நின்றே போனது. சுரங்கத்தில் பெரிய பம்புகளை ஓட்ட ஆரம்பித்ததும் அதே கோடையில்தான். ஆனால் பம்பை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. செல்லக்கிளி கட்டை அடித்ததை ஊரே பார்த்தது.

அதற்கப்புறம் ஊரே இல்லாமல் போய்விட்டது. வீடு போய், சாமிமேடை போய், எல்லாம் பள்ளமாகிவிட்டது. இருந்தும் அந்தக் கட்டையை மட்டும் யாரும் மறக்கவில்லை. சண்டை வந்தால் "கட்டையடிச்சவ" என்று ஒரு சொல் எங்கிருந்தாவது வந்து விழும். அவளுடைய வேகமான வாய் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நின்றுவிடும்.

ஒருநாள் சண்முகசுந்தரம் ஜீப்பில் வந்து என் கடை வாசலில் இறங்கினார். இறங்கினதும் செருப்பு சேற்றில் புதைந்தது.

"வாசல்ல குளம் வெட்டியிருக்கீங்களா?" என்றார் என்னிடம்.

"நான் வெட்டலீங்க. தானா வந்துது."

அவர் சிரிக்கவில்லை. அதற்குள் பெரியண்ணன் ஓடி வந்தார்.

"என்ன பெரியண்ணன், குழாயை மூடத் தெரியாதா உங்க ஆளுங்களுக்கு?"

"தெரியும் சார். பயம்." பழைய குழாயின் கதையைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். கட்டை அடித்தது தன் மனைவி என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

எஞ்சினீயர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்த ஊத்து நின்னது எங்க பம்பாலங்க. நானே சொல்றேன். போதுமா? இது ஊத்து இல்ல, டாங்கித் தண்ணி. மூடினா டாங்கியில நிக்கும், திறந்தா வரும்."

"எனக்குப் புரியுது சார்."

"எனக்குப் புரிஞ்சு உங்களுக்குப் புரிஞ்சு என்ன செய்ய? அவங்களுக்குப் புரிய வைங்க. தலைவர்தானே நீங்க? வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன்."

பெரியண்ணன் அன்று சாயங்காலமே தண்டோரா போட்டார். தானே குழாயடியில் நின்று ஒவ்வொருத்தரிடமும் சொல்லிப் பார்த்தார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். வீரம்மாள்தான் குடத்தைத் தூக்கிக்கொண்டே கேட்டாள்.

"எங்கள மூடச் சொல்ற தலைவரே. ஒம் பொண்டாட்டி மூடுறாளா?"

மூடவில்லை. அதுதான் உண்மை. செல்லக்கிளியும் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல்தான் போய்க்கொண்டிருந்தாள்.

மறுநாள் பொழுது சாயும் நேரம் நான் அவர்கள் வாசலில் உட்கார்ந்து சைக்கிள் செயினை மாட்டிக்கொண்டிருந்தேன். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்தது. பெரியண்ணன் நிலைப்படியில் உட்கார்ந்து பேச்சை எடுத்தார்.

"இந்தா கிளி. நாளைக்கு வெள்ளிக்கெழம. நீ போயி மூடு."

"நான் மூட மாட்டேங்க."

"நீ மூடுனாத்தான் மத்தவளுங்க மூடுவாளுங்க."

"வேற யாரையாச்சும் சொல்லுங்க. ஒரு தபா மூடிட்டு நான் பட்டது போதாதா? ஒங்க ஆயா சாவுற வரைக்கும் எங் கையால ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிக்கல. கடைசிப் பால் ஊத்தக்கூட என்ன வுடல."

"அது பம்புனால கிளி. எஞ்சினீயரே சொல்லிட்டாரு."

"அவரு ஒங்ககிட்ட சொன்னாரு. ஊருக்குச் சொன்னாரா?"

"ஊரு இன்னா சொன்னா இன்னா? நான் இருக்கேன்ல?"

"அன்னிக்கும் நீங்க இருந்தீங்க."

நான் செயினையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்விடலாம் போலிருந்தது. ஆனால் செயின் மாட்டினபாடில்லை.

"அந்த வால்வ மூடிட்டாங்கன்னு வெச்சிக்கோ. மறுபடியும் நீ அந்தம்மா தோட்டத்துல கொடத்த வெச்சிக்கினு நிக்கணும்" என்றார் மெதுவாக.

அது அவளுக்குச் சுட்டது. அடுப்பிலிருந்து கொள்ளியை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"நான் மூடுறங்க. ஆனா ஒண்ணு. நாளைக்கி எதுனா ஆச்சின்னா நீங்க வாயத் தெறந்து சொல்லணும். இவ கையினால இல்ல, இன்ன காரணம்னு நாலு பேரு முன்னால நின்னு சொல்லணும். அன்னிக்கி மாதிரி துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கினு போயிடக் கூடாது."

"சொல்றேன் கிளி."

"இன்னாசண்ணே, நீங்கதான் சாட்சி."

"சாட்சிதான் தங்கச்சி" என்றேன். செயினும் அப்போதுதான் மாட்டியது.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் ஷிஃப்ட் சங்கு ஊதி முடிந்த நேரம். குழாயடியில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். செல்லக்கிளி தலைக்குக் குளித்து, பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். குடத்தை வைத்தாள், நிறைந்தது. குடத்தை நகர்த்திவிட்டு, எல்லோரும் பார்க்கக் குழாயின் தலையைப் பிடித்துத் திருகினாள். தண்ணீர் மெலிந்து, சொட்டாகி, நின்றது. அப்புறம் அவளே மறுபடி திறந்தாள். தண்ணீர் வந்தது.

"பாத்தீங்களா? வருதில்ல?" என்றாள். மறுபடி மூடினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்து வந்த ஒருத்தி பயந்து பயந்து மூடினாள். அடுத்தவளும் மூடினாள். வீரம்மாள்கூட முணுமுணுத்துக்கொண்டே மூடிவிட்டுப் போனாள். மத்தியானத்துக்குள் என் கடை வாசல் காய்ந்துவிட்டது.

மறுநாள் காலையில் தண்ணீர் வரவில்லை.

திருகிப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார்கள். காற்றுதான் வந்தது. நடந்தது என்ன என்றால், சண்முகசுந்தரம் வியாழக்கிழமையே சொந்த ஊரிலிருந்து தந்தி வந்து லீவில் போய்விட்டார். போகும்போது தனக்குக் கீழே இருக்கிறவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த ஆள் வெள்ளி வரைக்கும் பொறுக்கவில்லை. வியாழன் சாயங்காலம் ஒரு தடவை வந்து பார்த்தார், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வால்வை மூடு என்று சொல்லிவிட்டார். வால்வு ஆளுக்கு அதை நிறைவேற்ற மறுநாள் ஷிஃப்டில்தான் முடிந்தது. ஊரே ஒழுங்காகக் குழாயை மூடின அன்றைக்குத்தான் அவன் வந்து வால்வை மூடிவிட்டுப் போயிருக்கிறான். பெரியண்ணன் ஆபீஸுக்கு ஓடிப்போய்த் தெரிந்துகொண்டு வந்து என்னிடம் இதைச் சொன்னபோது, கையிலிருந்த ஸ்பேனரைத் தூக்கி எறிந்தேன். யாரைத் திட்டுவது? எல்லோரும் அவரவர் வேலையைத்தான் செய்திருக்கிறார்கள்.

"தெறக்கச் சொன்னீங்களா?" என்றேன்.

"சார் வந்தாத்தான் தெறப்பாங்களாம்."

ஊரில் போய்ச் சொன்னார். முந்திரிமரத்தடியில் நின்று சொன்னார், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் தங்கராசு பூட்ஸ் காலை மாற்றி வைத்துக்கொண்டு கேட்டான்.

"இத்தினி நாளு வழிஞ்சி ஓடுச்சி, அப்ப மூடல. அண்ணி மூடுன அன்னிக்கே வந்து மூடுனாங்களா?"

"ஆமா தங்கராசு. அப்பிடி ஆயிப்போச்சி."

"அப்பிடித்தான் பழைய ஊர்லயும் ஆச்சி."

அந்த இடத்தில்தான் அவர் குரலை உயர்த்தியிருக்க வேண்டும். வாங்கடா ஆபீஸுக்கு என்று பத்துப் பேரை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அவரோ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

சண்முகசுந்தரம் திரும்பி வருகிற வரைக்கும் செல்லக்கிளி மறுபடி குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் குடத்தோடு நின்றாள். மற்றவர்களும்தான் நின்றார்கள். ஆனால் அவளோடு சேர்ந்து போகவில்லை, சேர்ந்து வரவில்லை. அவள் வந்தால் என் கடைப் பக்கம் பேச்சு நின்றுவிடும். எனக்குக் கோபம் கோபமாக வரும், டியூபில் தேய்க்கிற உப்புத்தாளைப் போட்டு நறநறவென்று தேய்ப்பேன்.

எஞ்சினீயர் வந்ததும் தன் ஆளைத் திட்டினார், வால்வைத் திறக்கச் சொன்னார். ஜீப்பிலேயே குழாயடிக்கு வந்து, தண்ணீர் நின்றது தன் ஆள் வால்வை மூடினதால்தான் என்று எல்லோரிடமும் சொன்னார். கூட்டத்தில் பூட்ஸோடு நின்றவனைப் பார்த்து, "நீ நம்ம மைன்ஸ் ஆள்தானே? மூடு பார்ப்போம்" என்றார். பர்மனென்ட் வேலைக்காரன் எஞ்சினீயர் பேச்சைத் தட்ட முடியுமா? தங்கராசு உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டுதான் மூடினான். மறுநாள் காலையில் தண்ணீர் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது.

சரி, பயம் தெளிந்தது என்று நான் நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான். பயம் தெளியவில்லை. அதற்கு இருக்க ஓர் இடம் கிடைத்துவிட்டது.

முந்திரிமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். விழாவுக்கு நாள் குறிக்கத்தான் கூட்டம். செல்லக்கிளி வீட்டு வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து எல்லாம் கேட்கும்.

தங்கராசு பேசினான். "நாங்க எல்லாரும் மூடுறோம் தலைவரே. ஒரு சொட்டு வீணாவாது. பந்தயம். ஆனா ஒரே ஒரு விசயம்."

"சொல்லு."

அவன் வீரம்மாளைப் பார்த்தான். அவள் நயமாகத்தான் சொன்னாள், அதுதான் கொடுமை. "கிளி கொழாயத் தொட வேணாம். அதுக்கு நாங்க கொறை வெக்க மாட்டோம். தெனம் கொடத்த நாங்களே ரொப்பிக் கொண்டாந்து வாசல்ல வெச்சிடுறோம். அது கை ராசி அப்பிடி. நாம இன்னா பண்றது?"

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏம்மா, வால்வ மூடுனது யாரு? எஞ்சினீயர் வந்து சொன்னாரா இல்லியா?"

"நீ சும்மா இரு இன்னாசி. ஊரு வெவகாரம் ஒனக்கு இன்னா தெரியும்? பஞ்சர் ஒட்டு போ" என்றான் தங்கராசு.

எல்லோரும் பெரியண்ணனைப் பார்த்தார்கள். முறத்தில் புடைக்கிற சத்தம் நின்றுபோனது. அவர் முந்திரிமரத்தில் ஊர்ந்த எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் அலைந்த அலைச்சல், கமிஷனர், விழா, குழாய், எல்லாம் அவர் கண்ணுக்குள் ஓடியிருக்கும். அதெல்லாம் எனக்குப் புரிகிறது. புரிந்ததால் மன்னிக்க வேண்டும் என்று இருக்கிறதா?

"இப்பத்திக்கி அப்பிடியே இருக்கட்டும்" என்றார்.

முறத்தின் சத்தம் மறுபடி கேட்டது. கடைக்கு வந்து என்னிடம் சமாதானம் சொன்னார். "விழா முடியட்டும் இன்னாசி. கொழா ஊருக்குன்னு ஆயிடட்டும். அப்பறம் நான் பேசிக்கிறேன். கிளிக்கு நான் சொல்லிக்கிறேன்." அவருக்கென்று வைத்திருந்த சைக்கிளை எடுத்துக்கொடுத்தேன்.

விழா நன்றாகத்தான் நடந்தது. மாவிலைத் தோரணம், குறிஞ்சிப்பாடியிலிருந்து மேளம், பந்தலில் நாற்காலி. கமிஷனர் வந்தார், சண்முகசுந்தரம் வந்தார். பெரியண்ணனுக்கு ஆளுயர மாலை. கமிஷனர் நல்ல மனுஷன். குழாய்க்குக் கட்டியிருந்த ரிப்பனைப் பார்த்துவிட்டு, "நான் எதுக்கு? தண்ணிக் கஷ்டம் பொம்பளைங்களுக்குத்தானே தெரியும்? தலைவர் சம்சாரம் எங்கே? அவங்களே திறந்து வைக்கட்டும்" என்றார்.

செல்லக்கிளி கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வந்தாள். வழிவிட்டு ஒதுங்கினவர்களை ஒருத்தரையும் பார்க்கவில்லை. யாரோ கொடுத்த புதுக் குடத்தை வைத்தாள், ரிப்பனை அவிழ்த்தாள், குழாயைத் திருகினாள். தண்ணீர் வேகமாகக் கொட்டியது. மேளம் வாசித்தார்கள், ஒரு சிலர் கை தட்டினார்கள்.

குடம் நிறைந்து வழிய ஆரம்பித்தது.

"போதும்மா, மூடுங்க. வீணாகுது பாருங்க" என்றார் கமிஷனர் சிரித்துக்கொண்டே.

அவள் கையை எடுக்கவில்லை. குழாயின் தலை மேலேயே கை இருந்தது. திரும்பிப் பெரியண்ணனைப் பார்த்தாள். மூடு கிளி என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தனை பேர் முன்னால், கமிஷனர் முன்னால், எஞ்சினீயர் முன்னால் ஒரு வார்த்தை. வீரம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தண்ணீர் வழிந்து கமிஷனர் செருப்பு வரைக்கும் போனது. சொல்லுய்யா, சொல்லித் தொலையேன் என்று நான் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

பெரியண்ணன் மாலையோடு குனிந்தார். அவள் கையை மெல்ல எடுத்து ஒதுக்கிவிட்டு, தானே திருகி மூடினார்.

கூட்டம் மூச்சு விட்டது. அப்புறம் பலமாகக் கை தட்டியது. "பார்த்தீங்களா? தலைவர்னா இப்படித்தான் இருக்கணும். தன் கையால செஞ்சு காட்டுறார்" என்று கமிஷனர் மைக்கில் சொன்னார். அதற்கும் கை தட்டினார்கள்.

செல்லக்கிளி நிறைந்த குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கடையைத் திறந்து, தொட்டியில் தண்ணீர் ஊற்றி, ஒரு டியூபை முக்கிக்கொண்டிருந்தேன். எதிரே குழாயடியில் பெண்கள் வரிசையாகப் பிடித்து, வரிசையாக மூடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொட்டு கீழே விழவில்லை. பெரியண்ணன் வீட்டு வாசலில் யாரோ ரொப்பி வைத்துவிட்டுப் போன குடம் இருந்தது. செல்லக்கிளி அதைச் சுற்றிக்கொண்டு இறங்கி, தன் பழைய குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, குவார்ட்டர்ஸ் பக்கம் நடந்து வந்தாள்.

"எங்க தங்கச்சி போற? அதான் கொழாயில தண்ணி வருதே" என்றேன். கேட்டிருக்கக் கூடாதுதான்.

அவள் நிற்கவில்லை.

"ஆமா, வருதுண்ணே. வரட்டும். அதுக்குத்தான அவரு எங் கைய எடுத்துட்டு மூடுனாரு."

சாட்சியாக இருக்கிறேன் என்று சொன்னவன் நான். தொட்டிக்குள் டியூபைப் பிடித்தபடி, அவள் வேலியைத் தாண்டிப் போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.